முட்டுக் கொடுத்த புத்தகம்

"ஆபீஸ்ல இருக்கிற யூனிக்ஸ் சர்வர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கக் கத்துக்கிற மாதிரி புத்தகம் வேணும்," என்றார் புத்தகக் கடைக்கு வந்தவர். கண்ணில் தூக்கம் வழிந்தது.

கடைக்காரர் ஒன்றை நீட்டினார். "தேனா இனிக்கும் சார். இதை முடிச்சவங்க எல்லாம் பெரிய வேலைக்குப் போயிட்டாங்க."

"வேண்டாம்."

"இது கொஞ்சம் கஷ்டம். ஆனா விஷயம் இருக்கு."

"அதுவும் வேண்டாம்."

வந்தவர், ஆடும் மேஜைக்கு முட்டுக் கொடுத்திருந்த தடிப் புத்தகத்தைக் காட்டினார். "அது எப்படி?"

"ஐயோ, அதுவா? தலையும் புரியாது, வாலும் புரியாது. வாங்கினவர் திருப்பிக் கொண்டுவந்து திட்டிட்டுப் போனார்."

"பில் போடுங்க."

கடைக்காரர் அதை மேஜைக்கடியிலிருந்து உருவி எடுத்தார். "இதை வச்சு எப்படி சார் படிப்பீங்க?"

"எனக்கு இல்ல. நான் வருஷக்கணக்கா அந்த வேலையிலதான் மாரடிக்கிறேன். இது என் புது அசிஸ்டென்ட்டுக்கு. முன்னாடி வந்தவங்களுக்கு நல்ல புத்தகமாப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். நல்லாப் படிச்சாங்க, நல்ல வேலை கிடைச்சுப் போயிட்டாங்க. எனக்குத்தான் லீவே கிடைக்கல."

போன் அடித்தது. அசிஸ்டென்ட்தான். "சார், டிஸ்க் நிறைஞ்சிருச்சு. பெரிசா இருக்கிற ஃபைலை எல்லாம் அழிச்சிடட்டுமா?"

"எதையும் தொடாதேம்மா! இதோ வந்துட்டேன்."

தடிப் புத்தகத்தை அவரே குனிந்து மேஜைக்கடியில் திரும்பச் செருகினார்.

"அந்த முதல் புத்தகத்தையே கொடுங்க. போறவ கத்துக்கிட்டே போகட்டும்."