குனியாத சம்பந்தி

"அப்பா, குனியாதீங்க! சாக்ஸை நான் மாட்டி விடுறேன்!"

மகள் ஒய்தின் போட்ட சத்தத்தில் எர்காஷ் பாதியிலேயே நின்றுவிட்டார். கோகந்து நகரில் அவருடைய ரொட்டிக்குத் தனிப் பேர். முப்பது வருஷமாகத் தந்தூரி அடுப்புக்குள் பாதி உடம்பை விட்டு ரொட்டி ஒட்டியதற்கு, முதுகு இப்போது பழிவாங்கிக்கொண்டிருந்தது.

ஒய்தினுக்கு மருத்துவமனையில் முதுகுவலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. அப்பாவின் இடுப்பில் அகலமாக ஒரு பட்டையைக் கட்டி, மூன்று வாரத்துக்கு முதுகை வளைக்கக் கூடாது என்று கட்டளை போட்டிருந்தாள்.

"கீழ ஏதாவது விழுந்தா?"

"முதுகு நேரா இருக்கணும். மோவாயைத் தூக்கி, முட்டியை மடக்கி இறங்கணும். மூச்சை விட்டுட்டு எந்திரிக்கணும். எத்தனை தடவைப்பா சொல்றது?"

"ஆனா, வர்றவங்ககிட்ட வாயைத் திறந்துடாதீங்க" என்றாள் மனைவி சோலிஹா. "ஊருக்கெல்லாம் முதுகு பாக்குறவளோட அப்பனுக்கே முதுகு போச்சுன்னா, சிரிப்பா சிரிச்சுடுவாங்க."

அன்று நிச்சயம். இரண்டு அப்பாக்களும் ஆளுக்கொரு ஓரம் பிடித்து ரொட்டியை உடைத்துவிட்டால் போதும், சம்பந்திகள்தான். இதற்கு முன் வந்த மூன்று வரன்களையும் ஒய்தின் தட்டிக் கழித்திருந்தாள். இந்தப் பையன் பஹ்ரோம் பெயரைச் சொன்னபோதுதான் மறுக்காமல் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக எர்காஷ் எதையும் தாங்கத் தயார்.

பையனின் அப்பா ஹொஷிம் வந்தார். மினிபஸ் ஓட்டுநர். கூடவே அவருடைய அக்கா அதோலத். தாயில்லாப் பிள்ளைக்காக மர்கிலான் ஊரிலிருந்து வந்து வந்து சம்பந்தம் பேசி முடித்தவள் அவள்தான். அப்பாக்கள் இருவரும் சந்திப்பது இன்றுதான்.

நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்து வரவேற்பது மரியாதை. எர்காஷ் கையை மட்டும் வைத்தார். ஹொஷிமும் கையை மட்டும் வைத்தார். ஒரு அங்குலம் வளையவில்லை.

"பாத்தியாடி, எவ்வளவு திமிரு!" எர்காஷ் மனைவியின் காதைக் கடித்தார்.

"ஆமா, நீங்க குனிஞ்சு தரையைத் தொட்டுட்டீங்களாக்கும்!"

மேசையின் இரு பக்கமும் இருவரும் நட்டுவைத்த கம்பமாக உட்கார்ந்தார்கள். ஒய்தின் தேநீர் ஊற்றினாள். ஹொஷிம் கிண்ணத்தை வாய்க்குத் தூக்கினாரே தவிர, தலையைக் கிண்ணத்துக்கு இறக்கவில்லை. பிலாவ் சோற்றைக்கூட விறைத்துக்கொண்டேதான் சாப்பிட்டார்.

"என்னடா தம்பி, பலகையை முழுங்கிட்டு வந்தியா?" என்றாள் அதோலத். எர்காஷைப் பார்த்துவிட்டு, "சரிதான், அங்கயும் ஒரு பலகை!" என்றாள்.

ரொட்டி வந்தது. அன்று காலை கடையில் வேலை செய்யும் சிறுவனை வைத்து ஒட்டவைத்து, எர்காஷ் நின்று மேற்பார்வை பார்த்துச் சுட்டது. அதோலத் அதை நீட்டினாள். இருவரும் கையை நீட்டினார்கள், உடம்பை நீட்டவில்லை. நடுவில் நழுவிய ரொட்டி கீழே விழுந்து, சக்கரமாக உருண்டு மேசைக்கடியில் போய்ப் படுத்தது.

அந்த ஊரில் ரொட்டி கீழே விழுந்தால் கண்சிமிட்டுவதற்குள் எடுத்து முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்வார்கள். இங்கே இரண்டு ஆண்பிள்ளைகளும் அசையவில்லை.

"நல்லா இருக்கு!" அதோலத்தின் குரல் ஏறியது. "விழுந்த ரொட்டிக்கே குனியாதவங்க நாளைக்கு ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்குடுத்துப் போவீங்களா? எந்திரிடா, போகலாம்!"

ஒய்தின் கதவோரம் தேநீர்க் கூஜாவோடு நின்றாள். முகம் வாடிவிட்டது. அதை எர்காஷ் பார்த்தார். முதுகு போனால் போகட்டும், ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். எழுந்தார். முதுகு நேராக, மோவாய் மேலே, முட்டியை மடக்கி, மெல்ல இறங்கினார்.

எதிர்ப்பக்கம் ஹொஷிமும் இறங்கிக்கொண்டிருந்தார். முதுகு நேராக, மோவாய் மேலே, முட்டியை மடக்கி.

சண்டைக்கு நின்ற இரண்டு சேவல்கள் மாதிரி, மேசைக்கடியில் இருவரும் முகத்தோடு முகம் பார்த்தார்கள். ரொட்டியின் ஆளுக்கொரு ஓரம் கையில்.

"மூச்சை விட்டுட்டு..." என்றார் ஹொஷிம்.

"...எந்திரிக்கணும்" என்றார் எர்காஷ்.

எழுந்தார்கள். படக்கென்று ரொட்டி இரண்டாக உடைந்தது.

"உடைஞ்சிருச்சு! ஆமீன்!" என்று அதோலத் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சோலிஹா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். ஒய்தின் முகம் சிவந்து உள்ளே ஓடிவிட்டாள்.

எர்காஷ் ஹொஷிமைக் கட்டிக்கொண்டார். "உங்களுக்கும் முதுகா சம்பந்தி? நீங்க இறங்குன தினுசுலயே கண்டுபிடிச்சிட்டேன். எம்பொண்ணுகிட்டதானே வைத்தியம்?"

"வேற யாரு? பத்து நாள் பயிற்சிக்கு முப்பது நாள் போனேன், இன்னும் குனியக் கூடாதுன்னு உத்தரவு. தினமும் எம்மகன்தான் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போனான். பொண்ணு கைராசிக்காரி, சம்பந்தி. நேரா உக்காரப் பழகினதுல இருந்து, பொழுதுக்கும் வண்டி ஓட்டினாலும் அசதியே தெரியல."

"முப்பது நாளா? அடடா, அவ்வளவு மோசமான வலியா?"

ஹொஷிம் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"வலியா? எனக்கு ஒரு நாளும் முதுகு வலிச்சதே இல்ல, சம்பந்தி. தினமும் உங்க பொண்ணைப் பாக்க எம்பயலுக்கு ஒரு நோயாளி தேவைப்பட்டுச்சு... இன்னிக்கு அவ முன்னாடி நான் சட்டுனு குனிஞ்சிருந்தா, குட்டு வெளிப்பட்டிருக்குமே!"