ஏழாம் திருவிழா

போதகர் நதானியேல் நிருஷனின் தலையில் கைவைத்து, கண்ணை மூடிச் செபித்துக்கொண்டிருந்தார். கட்டிலில் சாய்ந்திருந்த நிருஷனும் கைகூப்பியபடி இருந்தான்.

வார்ட் வாசலில் நின்ற தியாகராசாவுக்கு உச்சந்தலை கொதித்தது. கொழும்பில் பரீட்சை என்று சொல்லிவிட்டுப் போன மகன், யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான். ஓட்டோக்காரச் சுபாஸ் தற்செயலாகக் கண்டு வந்து சொல்லியிராவிட்டால் இதுவும் தெரிந்திருக்காது.

ஊர் வாய் பொய் சொல்லவில்லை என்று நினைத்துக்கொண்டார். பிள்ளை கிறிஸ்தவ வேதத்துக்கு மாறித்தான் விட்டான்.

இரண்டு வருடமாகவே அவரை அரித்துக்கொண்டிருந்த சந்தேகம் அது. ஊர்ப் பிள்ளையார் கோயிலில் ஏழாம் திருவிழா அவர்கள் குடும்பத்தின் உபயம். வாசலில் மற்ற ஆண்களைப்போலத் தியாகராசாவும் சேட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே நடப்பார். நிருஷனோ செருப்புகளுக்குக் காவல் இருப்பவனைப்போல வெளியிலேயே நின்றுவிடுவான்.

போன வருடம் முட்டுவலி அவரைப் படுத்திய பாட்டில், "இந்த முறை நீ உபயகாரனாய்த் தெர்ப்பை போட்டு நில்லடா" என்று கேட்டார். மாட்டேன் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டான். கடைசியில் தமையன் மகனைக் கெஞ்சி நிறுத்தினார். "உங்கடை பொடியன் எங்கை?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் காய்ச்சல் என்று சொல்லிச் சொல்லியே மானம் போனது.

கோயிலுக்குள் வராத அதே பொடியன், சிநேகிதன் றொபினோடு வட்டுக்கோட்டைத் தேவாலயத்துக்குள் போய் உட்கார்ந்திருந்ததைக் கண்டவர்கள் உண்டு. றொபினின் தகப்பன்தான் இந்தப் போதகர்.

"ஐயா, என்ரை பிள்ளையை விடுங்கோ!"

செபம் பாதியில் நின்றது. போதகர் எழுந்து, தான் இருந்த கதிரையை அவர் பக்கம் தள்ளினார்.

"இருங்கோ அண்ணை. நேற்றே உங்களுக்குச் சொல்லுவம் எண்டனான். தம்பிதான் வேண்டாமெண்டு மறிச்சவர்."

"ஓமோம், மறிப்பான்! வருத்தத்திலை கிடக்கிற பிள்ளையைப் பிடிச்சு வேதத்திலை சேர்க்கிறியளோ? ஞானஸ்நானம் முடிஞ்சுதோ, இனித்தானோ?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். போதகருக்கு முகம் கறுத்துவிட்டது.

"அப்பா, சத்தம் போடாதேங்கோ. அவர் பாவம்," என்றான் நிருஷன்.

"நீ கதையாதை! பிள்ளையார் உனக்கு என்னடா குறை வைச்சவர்?"

நிருஷன் தலையைக் குனிந்துகொண்டான். அப்போதுதான் தியாகராசாவின் கண்ணில் அது பட்டது. திறந்திருந்த சேட்டுக்குள்ளே, நெஞ்சைச் சுற்றி இறுக்கமான கட்டு.

கோபம் போன இடம் தெரியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நெஞ்சிலை என்னடா? ஐயோ, இருதயமோ?"

மருந்து வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்த தாதி ஜெயனி நிலைமையைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"நீங்கள் தகப்பனோ? பயப்பிடாதேங்கோ. இருதயத்துக்கு ஒண்டுமில்லை. சில ஆம்பிளைப் பிள்ளையளுக்கு மார்பு பொம்பிளையளுக்குப்போலை வளர்ந்திடும். வெறும் கொழுப்பெண்டால் ஓடி ஆடிக் குறைக்கலாம். இவருக்கு அப்பிடியில்லை. அதுதான் ஒப்பரேசன் செய்து அந்தச் சதையை எடுத்திருக்கினம்."

தியாகராசா கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே சட்டியில் சோறு தின்றுகொண்டு, மகன் சுமந்தது எதுவுமே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"இதை ஏனடா எனக்குச் சொல்லேல்லை?"

"எப்பிடியப்பா சொல்லுறது? பெடியள் எனக்கு ஒரு பேர் வைச்சுக் கூப்பிடுவாங்கள். அந்தப் பேரை உங்களுக்கு முன்னாலை சொல்ல வாய் வருமோ?" அவன் சேட்டை இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டான். "ஆஸ்பத்திரியிலை ஆரும் பெரியாக்களைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவை. வேறை ஆரைக் கேக்கிறது? றொபின்ரை அப்பாவைக் கேட்டன்."

பெற்றவன் கல்லுப்போல இருக்க, அந்த இடத்தில் இன்னொருவரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். அது தியாகராசாவுக்கு நெஞ்சில் குத்தியது. போதகரை நிமிர்ந்து பார்க்கக் கூசினார்.

"கோவிக்காதேங்கோ, ஐயா. வாய்க்கு வந்தபடி கதைச்சுப்போட்டன்."

"அதுக்கென்ன அண்ணை. என்ரை பிள்ளை கிடந்தால் நானும் இப்பிடித்தான் கத்தியிருப்பன்."

ஆனாலும் மனம் முழுதாக ஆறவில்லை. வருத்தம் வேறு, வேதம் வேறு அல்லவா? உடம்புக்கு வந்ததை டொக்டர் வெட்டி எடுத்துவிட்டார். கோயில் வாசலைக் கண்டாலே பின்வாங்கும் அந்த மனத்தை யார் திருத்துவது? பிள்ளையாரை ஏனடா விட்டாய் என்று கேட்க வாயெடுத்தார். மகனின் வெளிறிய முகத்தைப் பார்த்ததும் போர்வையை இழுத்து அவன் காலை மூடிவிட்டார்.

ஜெயனி கட்டைச் சரிபார்த்துவிட்டு, புதிதாக ஒரு இறுக்கமான பெனியனைக் கட்டிலில் வைத்தாள்.

"தம்பி, கட்டு அவிழ்த்த பிறகு இதைத்தான் போடவேணும். டொக்டர் சொல்லுமட்டும் கழட்டக் கூடாது, சரியோ?"

நிருஷன் அந்தப் பெனியனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தகப்பனின் பக்கம் திரும்பாமலே, தணிந்த குரலில் தாதியிடம் கேட்டான்:

"மிஸ், ஆவணியிலை எங்கடை திருவிழா. அதுக்கிடையிலை சேட்டில்லாமல் நிக்கலாமோ?"