மனுவில் ஒரு பெயர்

தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருக்கும் கலாவுபாபாவில், தேவாலய வாசலில் போட்ட மேசைமேல் செங்குத்து மலையின் நிழல் விழுந்திருக்கிறது. ஹவாயை அமெரிக்காவோடு சேர்க்கக் கூடாது என்ற மனுவுக்குக் கையெழுத்து வாங்க மெலே கப்பலேறி வந்திருக்கிறாள். கடற்காற்றில் படபடக்கும் தாளை உள்ளங்கையால் அழுத்திக்கொள்கிறாள். எதிரே நிற்கும் நாஹினுவின் கைகளில் விரல்களே இல்லை. “பேரைச் சொல்லுங்க தாத்தா, நான் எழுதிக்கிறேன்.” “வேணாம்மா. என்னை இங்க கொண்டாந்து தள்ளினப்போ யாரும் கையெழுத்துக் கேக்கல. இதுக்காவது நானே போடுறேன்.” இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே பேனாவை இடுக்கிக்கொண்டு குனிகிறார். முள் தாளைக் கீறும் சத்தம் கேட்கிறது. வரிசையில் நிற்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். ஒவ்வோர் எழுத்தாகக் கோணிக்கொண்டு பெயர் முடிகிறது. பக்கத்துக் கட்டத்தை நிரப்ப மெலே பேனாவை வாங்கிக்கொள்கிறாள். “வயசு?” “முப்பத்தொண்ணு.” அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை.