கழற்றாத முகக்கவசம்

இரைப்பை ஆபரேஷனில் குறைந்த எடையில் பாதி மறுபடியும் ஏறிவிட்டது. ஊருக்கே அளவெடுக்கும் தையல்காரி, பக்கத் தையலைப் பிரித்துத் தளர்த்திய தன் சட்டையும் முகக்கவசமுமாக, டாக்டரின் வரவேற்பறையில் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து நாற்காலிப் பெண் சுவரிலிருந்த படத்தைக் காட்டினாள்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த அக்கா எப்படி ஆயிட்டாங்க பாருங்க. அவங்களைப் பாத்துதான் நானே தைரியமா வந்தேன்."

தையல்காரி முகக்கவசத்தை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

உள்ளே டாக்டர் தேற்றினார். "திரும்ப வெயிட் போடறது நிறைய பேருக்கு நடக்கறதுதாம்மா. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. ஊசி மருந்து இருக்கு, குறைச்சிடலாம்."

"அது குறையும்போது குறையட்டும் டாக்டர்." முகக்கவசத்தைக் கழற்றியும் அவள் பார்வை தரையிலேயே இருந்தது. "முதல்ல, வெளியில மாட்டியிருக்கற என் படத்தைக் கழட்டிடுங்க."