பவளம் படித்த தெலுங்கு

பவளம் கண்ணாடியைப் பார்த்துப் பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டாள். தெலுங்குப் பாடத்துக்கு நேரமாகிவிட்டது. அடுப்படியில் மாமியார் நாகரத்தினம் செம்பைத் தூக்கிக் காட்டினாள்.

“நீள்ளு.”

“நீள்ளு” என்றாள் பவளம். தண்ணீர். இரண்டு பாஷையிலும் உப்புக்கு உப்புதான் என்று போன வாரம் தெரிந்தபோது மாமியார்கூட லேசாகச் சிரித்தாள். பவளத்துக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. நெஞ்சு மரத்துக் கிடந்தது.

பதினைந்து நாளைக்கு முன்னால், பிரிஞ்சாங் டவுனுக்குப் போகிற மலை வளைவில் தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லோரி உருண்டு அவள் புருஷன் ராஜு போய்ச் சேர்ந்தான். அப்போது நாகரத்தினம் படியில் வழுக்கி விழுந்து, மண்டையில் தையலோடு டவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எல்லாம் முடிந்து மூன்றாம் நாள்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். வந்ததிலிருந்து அவள் வாயில் தாய்பாஷையான தெலுங்குதான், தமிழே இல்லை. தமிழில் எதைச் சொன்னாலும் பேந்தப் பேந்த விழித்தாள். அடிபட்டதில் தமிழ் மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டார் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர்.

அந்தத் தோட்டத்தில் அவளோடு தெலுங்கு பேச ராஜுவை விட்டால் ஆளே கிடையாது. தாயும் மகனும் தனியாக இருக்கையில் குசுகுசுவென்று பேசிக்கொள்வார்கள். கல்யாணமாகி எட்டு மாதத்தில் பவளம் அதைக் காதில் வாங்கியதே இல்லை. அவன் செத்ததைச் சொல்ல இப்போது அவளே அந்தப் பாஷையைப் படிக்க வேண்டியதாயிற்று. கொடுமைதான், வேறென்ன.

மழை வருது, துணியை எடுங்க என்று பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுத்தாள். பவளம் எழுந்திருப்பதற்குள் மாமியார் கொடிப்பக்கம் போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கங்காணி ஆண்டியப்பன் வந்தார். ராஜுவின் காரியங்களை முன்னின்று செய்கிறவர் அவர்தான்.

“நாளைக்குக் கருமாதி. ஒன் பொட்டையும் தாலியையும் எடுத்துருவாங்க. அதப் பாத்துத்தானா பெத்தவ தெரிஞ்சிக்கணும்? இன்னிக்கே சொல்லிரும்மா.”

சொல்ல வேண்டிய வார்த்தை பவளத்திடம் தயாராக இருந்தது. முந்தாநாள், குளிரில் விறைத்துச் செத்த கோழியைத் தூக்கிக் காட்டி, இதற்குத் தெலுங்கில் என்ன வார்த்தை என்று மாமியாரிடம் ஜாடையில் கேட்டாள். மாமியார் கோழியைப் பார்க்கவில்லை. மருமகள் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். “வஸ்தாடு” என்றாள். அதைப் பவளம் நூறு தடவையாவது முணுமுணுத்து மனப்பாடம் செய்திருப்பாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த மாமியாரின் எதிரில் போய் உட்கார்ந்தாள். புருஷன் பேரை வாய்விட்டுச் சொல்லப்போவது இதுதான் முதல் தடவை.

“அத்த... ராஜு வஸ்தாடு.”

மாமியார் கையிலிருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது. கதறப்போகிறாள் என்று பவளம் காத்திருந்தாள். அவள் கதறவில்லை. மருமகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு நல்ல தமிழில் சொன்னாள்:

“வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்மா. ஒன் வாயால கேக்க மனசில்லாமத்தான் தமிழ் மறந்த மாதிரி இருந்தேன். அந்த வார்த்தைய மட்டும் நான் ஒனக்குச் சொல்லித் தரல. வஸ்தாடுன்னா, ‘வருவான்’னு அர்த்தம்.”