ஈஸ்டர் முட்டையும் டெம்பர் கிளாஸும்

"டெம்பர் கிளாஸா? எனக்கா?" புதுப் போனை விருந்து மேசையில் வைத்தார் ஸ்தமாத்திஸ். "எங்கம்மா சாகிற வரைக்கும் சோபாவோட பிளாஸ்டிக் உறையைக் கழட்டலை. ஆசையா வாங்கினதை மூடி வைக்கிறவன் பயந்தாங்கொள்ளி!"

மனைவி அர்கிரோ ரொட்டியை நறுக்கினாள். மாப்பிள்ளை ஃபோதிஸ் குனிந்து சிரித்துக்கொண்டான்.

முற்றத்து நெருப்பில் ஈஸ்டர் ஆடு சுழன்றுகொண்டிருந்தது. மேசையில் சிவப்பு முட்டைகளை மோத ஆரம்பித்தார்கள். உடையாத முட்டைக்காரனுக்கு வருஷம் முழுக்க அதிர்ஷ்டம். மாமனாரின் முட்டை முதல் மோதலிலேயே நொறுங்கியது. ஃபோதிஸ் கையைத் தூக்கிக் கூவியதில், முழங்கை இடித்துப் போன் கல்தரையில் விழுந்தது.

திரை முழுக்க விரிசல்.

"விளங்காத கை! இவனுக்குப் போய்ப் பொண்ணைக் குடுத்தேனே!"

சொந்தபந்தமெல்லாம் திரும்பிப் பார்த்தது. அர்கிரோ ஏதோ சொல்ல வர, வேண்டாமென்று ஃபோதிஸ் கண்ணால் தடுத்தான். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். மகளும் பின்னாலேயே போனாள். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

அர்கிரோ போனை எடுத்து நகத்தால் ஓரத்தை நெம்பினாள். விரிசல் விட்ட கண்ணாடி அப்படியே உரிந்து வந்தது. அடியில் திரை புத்தம் புதிதாக மின்னியது.

"இதை நீ எப்ப ஒட்டினே?"

"நான் எங்க ஒட்டினேன்? நீங்க தூங்கறப்ப மாப்பிள்ளைதான் ஒட்டினாரு. 'மாமாகிட்ட சொல்லிடாதீங்க அத்தை, நாலு பேர் முன்னாடி அவர் வீம்பு பேசட்டும், பாவம்'னாரு."

ஸ்தமாத்திஸ் போனை வாங்கினார். கீறலே இல்லாத திரையில் தன் முகம் தெரிந்ததும் அதைக் கவிழ்த்து வைத்தார்.