திருப்ப மறந்த படம்

தாள் ஊறிவிட்டதா என்று க்ளெனிஸ் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

ஊறியிருந்தது. மெல்லத் தேய்க்க ஆரம்பித்தாள். வெள்ளைத் தாள் திரிதிரியாக உருண்டு வர, பசையில் பிடித்த மை மட்டும் ஆல்பம் பக்கத்தில் தங்கியது. முதலில் நீலச் சட்டை தெரிந்தது. பிறகு கேக்கின் ஒரு மூலை.

போன வாரம் அவளுக்கு அறுபது முடிந்தது. மகள் எடுத்த படத்தைக் கடையில் நகலெடுத்து, பக்கத்தில் பசை தடவிக் கவிழ்த்து ஒட்டி, நன்றாகக் காயவிட்டுத்தான் இந்தச் சனிக்கிழமை அல்வர்ஸ்டன் ஊர்த் தேவாலயக் கூடத்தில் நடக்கும் ஆல்பம் ஒட்டும் பெண்களின் கூட்டத்துக்குக் கொண்டு வந்திருந்தாள்.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு பக்கம். வலப் பாதி அவளுக்கு. இடப் பாதி க்வெண்டாவுக்கு. கூடப் பிறந்தவள், பத்தொன்பது வயதில் கடலோடு போனவள்.

இடப் பாதி வருஷா வருஷம் வெறுமையாகவே இருக்கும். அதன்பிறகு அவளுக்குப் படம் ஏது? நரைத்திருந்தால் எப்படி இருந்திருப்பாள் என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். க்ளெனிஸின் ஆசை அவ்வளவுதான். ஆகாத ஆசை என்று அவளுக்கும் தெரியும்.

பக்கத்து நாற்காலி ரேலீனுக்கு லாமிங்டன் கேக்கைத் தின்னும்போதும் வாய் சும்மா இருக்காது.

"முன்முடிய இன்னைக்கும் தடவிப் பாத்தே வெட்டுனியாடி? ஊருல கண்ணாடி இல்லாத வீடு உன் வீடு ஒண்ணுதான். ஒண்ணு வாங்கி மாட்டினா என்ன, கொறைஞ்சா போயிடுவ?"

க்ளெனிஸ் சிரித்து வைத்தாள். விரல் நிற்கவில்லை. தாடை வந்தது. உதடு வந்தது.

ரேலீன்தான் முதலில் பார்த்தாள். கேக்கில் எழுதியிருந்த பெயர் வலமிருந்து இடமாக ஓடியது.

"போச்சு போ. கவுத்து ஒட்டினா எடவலம் மாறும்னு தெரிஞ்சும், கடையில திருப்பிப் போடச் சொல்ல மறந்துட்டியா? இத்தனை வருஷமா செய்யிற, இதுகூடவா மறக்கும்? சுரண்டி எடுத்துடு, வேற பக்கம் போடலாம்."

சுரண்ட வந்த ரேலீனின் கையை க்ளெனிஸ் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கடைசித் திரியும் உருண்டு விழுந்தது. தலை வகிடு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிருந்தது. வலக் கன்னத்து மச்சம் இடக் கன்னத்தில் இருந்தது.

அம்மா இரட்டையரை அடையாளம் கண்டதே அந்த மச்சத்தை வைத்துத்தான். வலக் கன்னம் என்றால் க்ளெனிஸ். இடக் கன்னம் என்றால் மற்றவள்.

க்ளெனிஸ் படத்தின் மேல் குனிந்தாள். அந்த மற்றவள் நரைத்திருந்தாள். கண்ணோரம் சுருக்கம் விழுந்திருந்தது. கேக்கின் முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். கும்பிடத் தோன்றியது க்ளெனிஸுக்கு.

"இருக்கட்டும்டி," என்றாள் மெதுவாக. "இனிமே இந்தப் பாதி அவளுக்கு. நான் அந்தப் பக்கம் போயிக்கிறேன்."

க்வெண்டா போன கையோடு வீட்டுக் கண்ணாடிகளை எல்லாம் கழற்றிப் போட்டவள் அவள். காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை.

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, ரேலீனின் கண்ணாடி வைத்த பவுடர் டப்பாவைக் கேட்டு வாங்கினாள். மூடியைத் திறந்தாள்.

கண்ணாடிக்குள், கோணல் முன்முடியோடு, க்வெண்டா இருந்தாள்.